புல்லுக்காரம்மா

அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். முகத்தைப் பார்ப்பது அப்புறம். காலில் சேறு இருக்கிறதா, செருப்பில் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா, கொலுசு கழன்று விழுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் கண்ணை உயர்த்தி, "இன்னாமா?" என்பாள்.

என்னிடம் முதலில் அதைக்கூடக் கேட்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவுக்கு டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். பிரிவுத் தலைவரை எல்லாரும் மாஸ்டர் பாய் என்பார்கள். அவர் கம்பெனியைச் சுற்றிக் காட்டிக்கொண்டே பின்பக்கம் அழைத்துப்போனார். அது சித்திரை மாதம். பாலாறு வெறும் மணலாகக் காய்ந்து கிடந்தது. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை வெயிலில் இன்னும் கனத்து மூக்கை அடைத்தது. அந்த நேரத்தில், நாலு பக்கமும் திறந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு அடியில், பச்சைப் பசேலென்று ஒரு புல்தரை. நான் வாயைப் பிளந்துகொண்டு ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"ஏய், நில்லு! செருப்ப கயட்டு. கால கழுவிக்கினு வா."

கையில் பிரஷ்ஷோடு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியவள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். காலில் நீலக் கோடு போட்ட வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. மாஸ்டர் பாய் சிரித்தார். "நம்மள கூட வுடாதும்மா இது. நானே கால கழுவிட்டுத்தான் போறேன்."

அது பிளாஸ்டிக் புல். கம்பெனியில் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர் கப்பலில் அனுப்பி வைத்தது. அவருடைய ஊரில் இந்த மாதிரிப் புல்லில்தான் பந்து விளையாடுவார்களாம். நம் ஷூ அதில் வழுக்காமல் நிற்கிறதா, அடி பிய்த்துக்கொள்கிறதா என்று இங்கேயே ஓடிப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். சுருட்டி வந்த மூன்று துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒட்டியதுதான் அந்தத் தரை. ஒரு பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவுதான் நீளம்.

ஓடிப் பார்க்க ஆள் வேண்டும். பெண்களுக்கான சாம்பிள் ஷூ எல்லாம் ஒரே அளவில்தான் தைப்பார்கள். ஒட்டுகிற பிரிவிலிருந்த நூற்றுக்கணக்கான பெண்களின் காலை அளந்து பார்த்ததில், அக்காவின் கால் அச்சில் வார்த்தது போல அந்த அளவுக்குப் பொருந்தியது. அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு வேலை. புது ஷூவை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும், ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நிற்க வேண்டும், ஒற்றைக் காலில் திரும்ப வேண்டும், குதிக்க வேண்டும். சாயங்காலம் அந்த ஷூவை நடுவாக அறுத்து, உள்ளே எது பிரிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அறுப்பதைப் பார்க்க அக்கா நிற்கமாட்டாள். கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு போய்விடுவாள்.

புல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஓடி ஓடி ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன புல்லை எதிர்ப்பக்கமாக வாரி நிமிர்த்துவாள். தலை வாரிவிடுகிற மாதிரித்தான் இருக்கும், பார்க்க. இன்று தெற்கிலிருந்து ஓடினால் நாளை வடக்கிலிருந்து ஓடுவாள். மதிய மணி அடித்ததும் நாங்களெல்லாம் டிபன் பாக்ஸைத் திறக்க, அவள் பிரஷ்ஷை எடுப்பாள்.

"சாப்ட்டு வந்து பண்ணுங்கக்கா," என்றால், "தோ, இந்த ஒரு ஓரம்," என்பாள். அந்த ஒரு ஓரம் முடியவே முடியாது.

கம்பெனியில் அவள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். புல்லுக்காரம்மா. கேலி செய்ய நினைக்கிறவர்கள் புல்லுக்காரி. "இன்னா புல்லுக்காரி, மாடு கட்டியாச்சா?" என்று லோடிங் ஆட்கள் கேட்பார்கள். "நீ வந்தா கட்டிக்கலாம்னு இருக்கேன்," என்பாள் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஒருநாள் நிஜமாகவே ஆடு வந்துவிட்டது. பின்பக்க வேலியில் எங்கேயோ ஓட்டை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அது ஒரு கொத்தைக் கவ்வி இழுத்து, மென்று பார்த்து, ஏமாந்துபோன முகத்தோடு துப்பிக்கொண்டிருந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஆட்டை விரட்டவும் இல்லை. அதன் வாயைப் பிடித்து, விரலை விட்டு, மிச்சமிருந்த பச்சை நார்களையெல்லாம் எடுத்தாள். "வயத்துக்குள்ள போனா செத்துப்பூடும், பாவம்," என்றாள். ஆட்டைத் தூக்கி வேலிக்கு வெளியே விட்டுவிட்டு வந்து, ஷூ தைக்கிற வளைந்த ஊசியால் பிடுங்கிய கொத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கோத்து, அடியில் சொல்யூஷன் பசை தடவி ஒட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அவளுடைய ஊர் மாதனூருக்கு உள்ளே தள்ளி இருந்தது. கம்பெனி பஸ்ஸில் வருவாள். கட்டிக்கொடுத்த இடத்தில் குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வீட்டில் இருந்தாள். இதைப் பற்றி அவளாகப் பேசியது ஒரே ஒரு தடவைதான். புல்லின் ஓரத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கண்ணன் நல்லவன்தாம்மா. அண்ணியும் ஒண்ணும் சொல்லாது. ஆனா அந்த ஊட்ல எனக்குன்னு ஒரு ஆணி கெடையாது, பொடவைய மாட்றதுக்கு. யாரோடதாச்சும் எடுத்துட்டுத்தான் மாட்டணும்."

பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வேலை முடிந்து பஸ் கிளம்புகிற வரைக்கும் கொஞ்ச நேரம் இருக்கும். அப்போது அக்கா ஓடுவாள். கம்பெனிக்காக இல்லை. வெறுங்காலோடு, முந்தானையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தபோது பையன்களையெல்லாம் முந்துவாளாம். வயதுக்கு வந்ததும் நின்றுபோன ஓட்டம். பஸ்ஸிலிருந்து யாராவது எட்டிப்பார்த்து, "பொம்பள ஓடறா பாரு," என்பார்கள். ஓட்டத்தை முடித்துவிட்டுத்தான் வருவாள். பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்காரும்போது மூச்சு வாங்கும், முகம் பளபளவென்று இருக்கும். அவள் ஊருக்குப் போகிற வழியில் இறங்குவதற்கு முன்னால் அந்த முகத்தைத் துடைத்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். வியர்வையை மட்டுமல்ல.

ஐப்பசி, கார்த்திகையில்தான் அவளுக்குப் பெரிய பாடு. சாரல் அடித்து ஓரமெல்லாம் பாசி பிடிக்கும். ஒட்டு விடும். சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டுகிற பதத்துக்குக் காய்ந்த பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரக் காற்றில் அது மேலே வெள்ளை பூத்துவிடும். பிறகு ஒட்டாது. அக்கா கேன்டீன் அடுப்பில் மணலை வறுத்து, கித்தான் பைகளில் கட்டி, ஒட்டின இடத்தின் மேல் வரிசையாக அடுக்குவாள். கைக்குழந்தையை எடுக்கிற மாதிரி அந்தச் சூட்டுப் பைகளைக் கொட்டகைக்குச் சுமந்துகொண்டு போவோம், நானும் அவளும். எனக்கு அது வேலையே இல்லை. ஆனாலும் போவேன். அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கு வேறு எங்கேயும் போக வேண்டும் என்று தோன்றாது. வீட்டில் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் கம்பெனி மெட்ராஸுக்குத் தெற்கே, கடலோரத்தில் ஒரு புதுக் கட்டடம் எடுத்தது. சாம்பிள் சோதனையெல்லாம் இனி அங்கேதான் என்றார்கள். புல்லும் போகிறது.

அக்கா யாரையும் தொடவிடாமல் அவளே பிரித்து, துண்டு துண்டாகச் சுருட்டி, தோல் வாரால் கட்டி லாரியில் ஏற்றினாள். லாரி போன பிறகு கொட்டகையில் சிமெண்ட் தரைதான் இருந்தது. அவளை மறுபடியும் ஒட்டுகிற மேஜைக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவள் பின்பக்கம் போகவே இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். முகத்தில் துடைத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

மழைக்காலம் முடிவதற்குள் மெட்ராஸிலிருந்து போன் மேல் போன். ஒட்டெல்லாம் விட்டுவிட்டது, கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை, ஓடின பையன் தடுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டான். மாஸ்டர் பாய் அக்காவைக் கூப்பிட்டு, "ஒரு வாரம் போய் பாத்துட்டு வாம்மா," என்றார். மறுநாளே அண்ணன் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டான்.

"பொம்பளைய தனியா மெட்ராஸுக்கு அனுப்பறதா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"தனியா இல்லப்பா. தோ, இந்தப் பொண்ணும் கூட போறா. சர்ச்சுக்காரங்க ஹாஸ்டல்ல தங்கப் போறாங்க," என்றார் மாஸ்டர் பாய், என்னைக் காட்டி. அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. ஆனால் தலையை ஆட்டினேன். அப்பாவும் சர்ச் ஹாஸ்டல் என்றதும் சரி என்றுவிட்டார்.

அந்தக் கொட்டகை கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. புல்லைப் பார்த்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சேர்த்த இடமெல்லாம் உதடு மாதிரி மேலே சுருண்டிருந்தது. மிதித்தால் தண்ணீர் கசிந்தது. யாரோ ஓரத்தில் அடித்திருந்த ஆணிகள் துருப்பிடித்து, பச்சையில் செம்பழுப்பாக ஒழுகியிருந்தன. அக்கா செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, போய் நடுவில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். "இன்னாடி பண்ணி வெச்சிருக்கானுங்க உன்ன," என்றாள்.

பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, பூஞ்சையைத் தேய்த்து, காயவைத்து, ஒட்டினோம். மணல் மூட்டையும் வைத்தோம். காலையில் போய்த் தொட்டதும், ஒட்டினது அத்தனையும் கையோடு வந்துவிட்டது. மறுபடியும் ஒட்டினோம். மறுபடியும் அதே கதி. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, தோளைத் தொங்கப்போட்டு நின்றாள்.

"நம்மூர் காத்து வேறமா. இது உப்புக் காத்து. எனக்கு இது தெரியாது. நான் பொய்யா ஒத்துக்கிட்டு வந்துட்டேன்."

"பொய்யா வரலக்கா. பாக்கத்தான் வந்தோம்," என்றேன். கிளம்பிப் போய்விடலாம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அவள் சொல்லவில்லை. காலையில் பனி போல இறங்குகிற ஈரம் எப்போது விடுகிறது என்று உட்கார்ந்து பார்த்தாள். வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் கொஞ்சம், கடல் காற்று திரும்புவதற்கு முன்னால் கொஞ்சம். அந்த இடைவெளியில் மட்டும் ஒட்டுவது என்று வைத்துக்கொண்டோம். கடல்பக்கம் கீற்றுத் தட்டி கட்டினோம். ஒட்டுக்கு அடியில் எப்போதும் வைக்கிற கித்தான் பட்டைக்குப் பதிலாக, ஆம்பூரிலிருந்து கொண்டுபோயிருந்த எண்ணெய்த் தோல் பட்டையை வைத்தாள். அடுத்த நாள் காலை இழுத்துப் பார்த்தோம். வரவில்லை. அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இருவர் கையிலும் சொல்யூஷன், என் ஜாக்கெட் பாழ்.

இன்னொன்றும் நடந்தது. கடல் மணல் பறந்து வந்து புல்லுக்குள் விழுந்துகொண்டே இருக்கும். அதைக் கூட்டிக் கூட்டி அவளுக்குக் கை ஓய்ந்துபோனது. ஒரு மூலையில் மட்டும் கூட்ட மறந்திருக்கிறாள். மணல் அடியில் இறங்கி நின்ற அந்த மூலையில்தான் புல் சாயாமல் நிமிர்ந்து நின்றது. "அடப்பாவி," என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "வேணும்ன்ற ஆள போய் தொடப்பத்தால அடிச்சிருக்கேன் பாரு." பிறகு நாங்களே மணலைச் சலித்துக் கொண்டுவந்து தூவினோம்.

சாயங்காலங்களில் கடலுக்குப் போவோம். அவள் கடலையே பார்த்தது அந்த வாரம்தான் முதல் தடவை. எல்லாரும் அலையைப் பார்ப்பார்கள், இவள் ஜனங்கள் மிதித்துப் போன மணலைப் பார்த்தாள். "யம்மாடி, இத யாரு கூட்றது?" என்றாள். சுண்டல் விற்கிற பையன்கூடச் சிரித்துவிட்டான். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நானும் கூட ஓடினேன். எனக்கு ஓட வராது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். எதிர்ப்பட்டவர்களில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. வெகு தூரம் போய்ப் புள்ளியாகி, பிறகு திரும்பி வந்தாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் அதே மணலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்:

"நான் வரலமா."

"எங்கக்கா?"

"ஊருக்கு. இந்தப் புல்லு பக்கத்துல ஆள் இல்லாம இருக்காது. மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். இருக்கச் சொல்லிட்டாரு. ஹாஸ்டல்ல பேசிட்டேன்."

அவளே தொடர்ந்தாள். "நீயும் இரேன். ரெண்டு பேர் இருந்தா சின்னதா ஒரு ரூம் பாத்துக்கலாம். டைப் அடிக்கற மிஷினு இங்க இல்லாமயா பூடும்?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மணலில் விரலால் கோடு போட்டு, இங்கே அடுப்பு, இங்கே உன் பாய், இங்கே என் பாய் என்று காட்டினாள். நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சின்ன இடம்தான். அதற்குள் எனக்கு எல்லாமே இருந்தது போலத் தோன்றியது.

"குடியாத்தத்துல பேசி முடிச்சுட்டாருக்கா அப்பா. மிஷன் ஸ்கூல்ல வாத்தியாராம்."

"சொல்லவே இல்ல?"

"இங்க வர்றதுக்கு முந்தின நாள்தான் முடிஞ்சுது."

விரலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். "நல்ல மனுசனா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"செரி," என்றாள். கோடுகளை அழிக்கவில்லை. எழுந்து நின்று, நான் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

மறுநாள் சென்ட்ரலுக்கு வந்து ரயில் ஏற்றிவிட்டாள். ஜன்னல் பக்கம் நின்றாள். கம்பிக்குள் எட்டி என் காலைப் பார்த்து, "செருப்பு வாரு அறுந்துடும்போல இருக்குது. பாத்து எறங்கு," என்றாள். ரயில் நகர்ந்தது. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

ஆம்பூரில் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். தெருவே கேட்கும்படி கத்தினான். நான்தான் கெடுத்துவிட்டேன் என்றான். அப்பா அவனை உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னார். டம்ளரைக் கையில் வாங்கியதும் அவன் குரல் இறங்கிவிட்டது. என்னிடம் தனியாகக் கேட்டான்: "அங்க பயப்படாம இருக்குதா?"

"சந்தோஷமா இருக்காங்கண்ணா."

அவன் டீயைக் குடித்து முடித்தான். போகும்போது, "ஊட்ல ஒரு நாள்கூட சிரிச்சு நான் பாத்ததில்லமா," என்றான்.

என் கல்யாணத்துக்கு மாஸ்டர் பாய் மூலம் சொல்லி அனுப்பினேன். மழை அடித்துக் கொட்டகைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் வர முடியவில்லை என்று பதில் வந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அதை நம்பியிருக்க மாட்டேன்.

குடியாத்தம் வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது. அவர் நல்ல மனிதர்தான். தெரு முழுக்கத் தறிச் சத்தம், பள்ளிக்கூட மணி, ஞாயிற்றுக்கிழமை கோயில். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். "யாரு வர்றாங்கன்னு பாக்கற?" என்பார் அவர். யாரும் வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

சில வருடம் கழித்து, அவருடைய சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மெட்ராஸ் போயிருந்தோம். விருந்து முடிந்ததும் அவரிடம் சொல்லிவிட்டு, தனியாகப் பஸ் பிடித்துக் கடலோரம் போனேன். கம்பெனிக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. கொட்டகையில் யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரர்தான், இன்னும் தெற்கே ஒரு ஹோட்டலில் அதே மாதிரிப் பச்சைத் தரையில் டென்னிஸ் ஆடுகிறார்கள், அந்தம்மா அங்கே போய்விட்டார் என்று வழி சொன்னார்.

ஹோட்டல் கேட்டில் வயதான வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். புல் பார்த்துக்கொள்கிற அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அவங்க மங்களூர் போயிருக்காங்களேம்மா. அங்கயும் கடலோரத்துல ஒரு ஹோட்டலாம். புல்லு பிஞ்சு போச்சுன்னு ஆள் வந்து கூட்டினு போச்சு."

"எப்ப வருவாங்க?"

"வேல முடிஞ்சா வருவாங்க. இல்ல, அங்கிருந்தே வேற ஊருக்குப் போவாங்க. போன வாட்டி கோவா, அப்புறம் இன்னொரு ஊரு. இப்ப எல்லா ஊர்லயும் கூப்புட்றாங்க அவங்கள." அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க எங்கிருந்து வர்றீங்க?"

"குடியாத்தம். முன்னாடி ஆம்பூர்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "கண்ணாடி போட்ட பொண்ணு. டைப் அடிக்கறவங்க. நீங்கதானா?"

தலையை ஆட்டினேன்.

"உள்ள வாங்கம்மா. நீங்க வந்தா சாப்பிட வெச்சுத்தான் அனுப்பணும்னு சொல்லி வெச்சிருக்காங்க. இந்த கேட்டுக்கு யாரு புது வாட்ச்மேன் வந்தாலும் மொதல்ல அவங்க சொல்றது அதான். எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் சொல்லியிருக்காங்க."

சமையலறைக்குப் பின்னால், வேலைக்காரர்கள் சாப்பிடுகிற பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சமையல்காரப் பெண் இலையைப் போட்டுச் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். விருந்து சாப்பிட்ட வயிறு இன்னும் நிறைந்தேதான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே அந்தப் பச்சைத் தரை தெரிந்தது. யாரோ இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாட்ச்மேன் வந்து சொல்கிற வரைக்கும் அந்தப் பெஞ்சிலேயே இருந்தேன்.

"அவங்க வந்தா இன்னா சொல்லட்டும்மா?" என்று கேட்டார்.

எவ்வளவோ இருந்தது. "வந்து சாப்ட்டுட்டுப் போனேன்னு சொல்லுங்க," என்றேன்.